கடலைக் காக்கும் பொறியியல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். கடல் மாசுபடுவதைத் தடுக்கும் வேலைக்குப் போக ஆசை. கடல் உயிரியல் படிக்கலாமா, சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கலாமா?

பதில்: எந்த உயிர் எதனால் சாகிறது என்று கண்டுபிடிப்பதில் உங்களுக்கு ஈடுபாடு என்றால் கடல் உயிரியல். அந்தக் கெடுதல் கடலுக்குப் போய்ச் சேருமுன் குழாயிலேயே மறிக்க வேண்டும் என்று தோன்றினால் பொறியியல். கடலில் சேரும் மாசில் பெரும்பங்கு நிலத்திலிருந்துதான் போகிறது: வீட்டுக் கழிவுநீர், ஆலைக் கழிவு, வயலில் மிஞ்சிய உரம், மழைநீர் வாய்க்கால் அடித்துக்கொண்டு வரும் குப்பை. ஆகவே கடலுக்காக உழைக்கும் பொறியாளரின் நாட்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் பம்ப் அறையிலும் ஆய்வகத்திலும் கணினி முன்னாலும் கழியும். படகுப் பயணம் எப்போதாவதுதான். இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். தெரியாமல் வருகிறவர்கள் பாதியில் சோர்ந்துபோகிறார்கள்.

வேதியியலும் கணிதமும் கட்டாயம். உயிரியலையும் விட்டுவிட வேண்டாம். சுத்திகரிப்புத் தொட்டியில் உண்மையான வேலையாட்கள் பாக்டீரியாக்கள்தான். சுற்றுச்சூழல் பொறியியல் இளங்கலையில் தனியாகக் கிடைக்காவிட்டால் சிவில் அல்லது கெமிக்கல் படித்துவிட்டு முதுகலையில் மாறிக்கொள்ளலாம். நகரக் கழிவுநீர், கடலடிக் குழாய் போன்றவற்றுக்கு சிவில் கைகொடுக்கும். ஆலைக் கழிவுக்குக் கெமிக்கல்தான் நல்லது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: சுற்றுச்சூழல் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் எது?

பதில்: நிறைச் சமன்பாடு. உள்ளே வந்ததில் எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு தங்கியது, எவ்வளவு வேறொன்றாக மாறியது என்ற கணக்கு. ஆய்வக அறிக்கை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும். கடலுக்கு அது போதாது. நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றுவதும் எளிது: நாளைக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறதோ அதை லிட்டருக்கு உள்ள மில்லிகிராமால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும்.

ஒரு நிலையம் நாளைக்கு 10,000 கன மீட்டர், அதாவது ஒரு கோடி லிட்டர் நீரை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் தெளிவாக இருக்கிறது, பி.ஓ.டி. (அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜன் அளவு) 20 மி.கி./லி. அப்படியென்றால் கடலில் அது கேட்கப்போகும் ஆக்சிஜன் நாளைக்கு 200 கிலோ. அதே நீரில் நைட்ரஜன் 30 மி.கி./லி. இருந்தால் 300 கிலோ நைட்ரஜன் போகிறது. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கடல் மிதவைப் பாசியின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106 : 16 : 1 என்ற விகிதத்தில் இருக்கும். ரெட்ஃபீல்ட் விகிதம் என்று இதைச் சொல்வார்கள். இந்தக் கணக்குப்படி ஒரு கிலோ நைட்ரஜன் கிட்டத்தட்ட 5.7 கிலோ கார்பன் கொண்ட பாசியை வளர்க்க முடியும். அந்தப் பாசி செத்து அடியில் அழுகும்போது 20 கிலோ அளவுக்கு ஆக்சிஜனைக் குடிக்கும். 300 கிலோவுக்கு 6,000 கிலோ! பி.ஓ.டி. கணக்கில் நாம் பார்த்த 200 கிலோவைப் போல 30 மடங்கு. நைட்ரஜன் முழுவதும் பாசியாக மாறினால் வரும் உச்ச அளவு இது. நேரில் இதைவிடக் குறையும். ஆனாலும் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

பி.ஓ.டி. 20, மிதக்கும் திடப்பொருள் 30 என்று பாடப்புத்தகங்களில் வரும் வரம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1912-இல் பிரிட்டனின் கழிவுநீர் ஆணையம் சொன்னது அது. கழிவுநீரைப்போல எட்டு மடங்கு சுத்தமான ஆற்றுநீர் வந்து கலக்கும் என்ற அனுமானத்தின் மேல் போட்ட கணக்கு. அதில் கடலும் இல்லை, நைட்ரஜனும் இல்லை. நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் பாசி வளர்ச்சிக்குக் கடிவாளம். கடலில் பெரும்பாலும் நைட்ரஜன். கழிமுகத்தில் பருவத்துக்கு ஏற்ப இரண்டும் மாறிமாறி வரும் என்பதால் அங்கே இரண்டையும் குறைத்தாக வேண்டும். மிசிசிப்பி ஆறு கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் அடிநீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வெதுவெதுப்பான நன்னீர் மேலே மூடிபோல் நின்றுகொள்வதால் மேற்பரப்பின் காற்று அடிநீருக்கு எட்டுவதில்லை. நீந்தத் தெரிந்தவை தப்பி ஓடும். தரையோடு வாழும் சிப்பியும் புழுவும் எங்கே ஓடும்?

கேள்வி: பயிற்சிக்காக ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கிறேன். பி.ஓ.டி. 10-க்குக் கீழே வந்துவிட்டது. அம்மோனியா நைட்ரஜன் மட்டும் 40-லிருந்து 25 வரை இறங்கி அங்கேயே நிற்கிறது. தொட்டிக்குக் காற்றூட்டும் ப்ளோயரைக் கூட்டிப் பார்த்தும் பயனில்லை. என்ன காரணம்?

பதில்: பி.ஓ.டி.யைத் தின்னும் பாக்டீரியா வேறு, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது வேறு. முன்னது மணிக்கணக்கில் பெருகும். பின்னது மெதுவாகத்தான் பெருகும், சிறு இடைஞ்சலையும் தாங்காது. ஆகவே காற்றைக் கூட்டுமுன் கீழ்க்கண்டவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

முதலில் கசடின் வயது, அதாவது பாக்டீரியா நிறைந்த கசடு தொட்டியில் சராசரியாகத் தங்கும் நாட்கள். காற்றூட்டும் தொட்டி 2,000 கன மீட்டர், அதில் திடப்பொருள் (எம்.எல்.எஸ்.எஸ்.) 3,000 மி.கி./லி. என்றால் தொட்டியில் இருப்பது 6,000 கிலோ. நாளைக்கு 1,500 கிலோ கசடை வெளியே எடுத்தால் வயது 4 நாள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருகுமுன்பே அதை வாரிக் கொட்டிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். 20 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 10 நாள் இருந்தால் நிம்மதி. குளிர்காலத்தில் இன்னும் கூடுதல் வேண்டும். கசடு எடுப்பதை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நாளைக்குப் பத்து, பதினைந்து சதவீதமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கசடு கூடக்கூட, அடுத்துள்ள படிவுத் தொட்டிக்குச் சுமை ஏறும். ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் 30 நிமிடம் படியவிட்டுத் தினமும் பாருங்கள். 300 மி.லி.யில் நின்றால், எம்.எல்.எஸ்.எஸ். 3,000 என்ற நிலையில் எஸ்.வி.ஐ. (ஒரு கிராம் கசடு படிந்தபின் பிடிக்கும் இடம், மி.லி. கணக்கில்) 100, இது நல்ல நிலை. 150-ஐத் தாண்டினால் கசடு உப்பி, தெளிந்த நீரோடு வெளியேறப் பார்க்கிறது என்று பொருள்.

அடுத்தது காரத்தன்மை, அதாவது அமிலம் சேர்ந்தாலும் தாங்கிக்கொள்ளும் நீரின் திறன். உங்கள் எண்களைப் பார்த்தால் எங்கள் சந்தேகம் இதன்மேல்தான். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜனும் 7.14 கிராம் காரத்தன்மையும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) செலவாகும். உங்களுக்கு 15 மில்லிகிராம் குறைந்திருக்கிறது; அதற்குச் சுமார் 107 போய்விட்டது. உள்ளே வரும் நீரின் காரத்தன்மை 180 என்று வையுங்கள், மிச்சம் 73-தான். பி.எச். சரியத் தொடங்கும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அதற்குமேல் எத்தனை ப்ளோயர் ஓட்டினாலும் மின்சாரம்தான் வீணாகும். 40-ஐயும் மாற்ற 286 வேண்டும், அதற்குமேல் 80 முதல் 100 வரை மிச்சமும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு சோடியம் பைகார்பனேட் போடலாம். நிரந்தரத் தீர்வு, தொட்டியின் முன்பகுதியில் காற்றை நிறுத்திக் கலக்கி மட்டும் ஓடும் ஓர் அறையை அமைப்பது. நைட்ரேட் உள்ள நீரை அங்கே திருப்பிவிட்டால், வரும் கழிவில் உள்ள கார்பனைத் தின்றபடியே பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொள்ளும். நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். செலவான காரத்தன்மையில் பாதி (கிராமுக்கு 3.57) திரும்பிவரும், 2.86 கிராம் ஆக்சிஜன் செலவும் மிச்சம். முக்கியமான ஆதாயம் கடலுக்கு. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றினால் மீனுக்கு விஷம் குறையும், பாசிக்குத் தீனி குறையாது. நைட்ரஜனை நீரைவிட்டே வெளியேற்றினால்தான் தீனி குறையும். திருப்பிவிடும் நீரோடு கரைந்த ஆக்சிஜன் நிறையப் போனால் இந்த அறை வேலை செய்யாது என்பதைக் கவனத்தில் வையுங்கள். ப்ளோயரைக் கூட்டியது அந்த வகையில் கெடுதலாகவும் முடியலாம்.

இரண்டிலும் குறை இல்லையென்றால், தொட்டியின் பல இடங்களில் கரைந்த ஆக்சிஜனை அளந்து பாருங்கள், 2 மி.கி./லி. வேண்டும். மீட்டர் வைத்த மூலையில் மட்டும் 2 இருந்து, காற்றுக் குமிழ் விடும் டிஃப்யூசர் அடைத்த மறுமூலையில் 0.3 இருப்பது உண்டு. கடலோர நிலையமாக இருந்தால் உள்ளே வரும் நீரின் மின்கடத்துதிறனை ஒரு முழு நாள், மணிக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். கடல் ஏற்றத்தோடு அது ஏறி, இறக்கத்தோடு இறங்கினால், உடைந்த குழாய் வழியாகக் கடல்நீர் புகுகிறது. உப்பு நிலையாக இருந்தால் பாக்டீரியா பழகிக்கொள்ளும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கினால் பழக முடியாது.

கேள்வி: கழிமுக நீரில் சி.ஓ.டி. (ரசாயனத்தால் அளக்கும் ஆக்சிஜன் தேவை) பார்த்தேன், 2,300 மி.கி./லி. வந்தது. கண்ணுக்குச் சுத்தமான நீர். ஆலைக்கழிவு கலந்திருக்குமா?

பதில்: ஆலைமேல் பழி போடுமுன் குளோரைடைப் பாருங்கள். சி.ஓ.டி. அளக்கும் டைக்குரோமேட் முறையில் குளோரைடும் சேர்ந்தே ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். ஒரு மில்லிகிராம் குளோரைடு 0.226 மில்லிகிராம் பொய்யான சி.ஓ.டி. காட்டும். முழுக் கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. அதில் பாதி உப்புள்ள கழிமுக நீரில் 9,500 இருந்தால், 2,100-க்கும் மேலே வெறும் உப்பினால் வந்ததே. மெர்க்குரிக் சல்பேட் சேர்த்தால் 2,000 மி.கி./லி. வரை சமாளிக்கலாம், அதற்குமேல் நம்ப முடியாது. உப்பு நீருக்கு மொத்தக் கரிமக் கார்பன், அதாவது டி.ஓ.சி. பாருங்கள். சி.ஓ.டி. முடிந்த கரைசலில் பாதரசம் இருக்கிறது. அதை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், கடலைக் காக்கப் போய்க் கடலுக்கே பாதரசம் அனுப்பியதாகிவிடும்.

ஆக்சிஜன் மீட்டரிலும் இதே உப்புச் சிக்கல் உண்டு. 25 டிகிரியில் நன்னீர் தாங்கும் ஆக்சிஜன் 8.26 மி.கி./லி.; கடல்நீர் தாங்குவது சுமார் 6.7. மீட்டரில் உப்பளவைப் பதிக்காமல் அளந்தால் கடல்நீர் உண்மையைவிட ஆரோக்கியமாகத் தெரியும்.

கேள்வி: கழிவுநீரைக் குழாய் வழியே ஆழ்கடலில் விடுவது மாசைக் கண்ணுக்கு மறைக்கும் வேலைதானே? அந்த வடிவமைப்பில் நல்ல மனசாட்சியோடு வேலை செய்ய முடியுமா?

பதில்: குழாயின் இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தின் கழிவுநீர் 2000-ஆம் ஆண்டு முதல் கடலடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியே போகிறது. ஆனால் சுத்திகரித்த பிறகே போகிறது. சுத்திகரிப்பும் நீர்த்தலும் சேர்ந்து செய்தால் அது நேர்மையான பொறியியல். சுத்திகரிப்புக்குப் பதிலாகக் குழாயை நீட்டுவது ஏமாற்று. நீர்த்தல் சில மாசுக்குத்தான் மருந்து. கிருமி நீர்த்துப்போகும், வெயிலும் உப்பும் பட்டுச் சாகும். பாதரசம் சாகாது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலை விட்ட பாதரசம் கடலில் கரைந்து காணாமல் போகவில்லை. மீனின் உடலில் சேர்ந்து, அதைத் தின்ற மனிதரின் நரம்பில் சேர்ந்தது. அந்த நோய் 1956-இல் வெளிப்பட்டது. உலோகம், பிளாஸ்டிக், நெடுநாள் சிதையாத ரசாயனம் ஆகியவற்றை மூலத்திலேயே நிறுத்த வேண்டும், குழாயின் நீளத்தை வைத்துச் சமாதானம் சொல்லக் கூடாது.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை: கழிவுநீர் கடல்நீரைவிட இலேசு (கன மீட்டருக்கு 1,000 கிலோவும் 1,025 கிலோவும்). அடியில் பல துளைகள் வழியாக விட்டால் புகைபோல மேலெழுந்து வழிநெடுகக் கடல்நீரை இழுத்துக் கலக்கும். நூறு மடங்கு நீர்த்தால் பெரிய வெற்றிபோலத் தோன்றும். 100 மி.லி.க்கு ஒரு கோடி கிருமி இருந்த நீரில் அதற்குப் பிறகும் ஒரு லட்சம் இருக்கும். குளிக்கும் கடற்கரைக்கு அமெரிக்காவில் 2012-இல் பரிந்துரைத்த வரம்பு, 100 மி.லி.க்குச் சராசரியாக (பெருக்குச் சராசரி) 35 என்டிரோகாக்கை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா). எண்ணப்படும் கிருமி வேறு என்றாலும், இடைவெளி எவ்வளவு பெரிது என்று புரியும். இரவில் கிருமி மெதுவாகத்தான் சாகும் என்பதால், கரையை நோக்கி நீரோட்டம் இருக்கும் இரவை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கட்டிய பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் குறைந்த ஓட்டத்தில்தான். தொடக்க ஆண்டுகளில் நீர் குறைவாக வரும். துளை வழியே கடல்நீர் உள்ளே புகும். கூடவே மணலும் சிப்பிக் குஞ்சும் வந்து குடியேறும். இதைத் தடுக்க சில துளைகளை மூடி வைத்துப் பிற்பாடு திறப்பார்கள், அல்லது வாத்தலகு போன்ற ரப்பர் வால்வு பொருத்துவார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உப்புக்கழிவு இதற்கு நேர் எதிர். கடல்நீரைவிடக் கனம், அடியில் படர்ந்து தரைவாழ் உயிர்களை மூடிவிடும். அதைச் சாய்வாக மேல்நோக்கிப் பீய்ச்ச வேண்டும். 60 டிகிரி சாய்வு வழக்கம்.

கேள்வி: நுண்பிளாஸ்டிக்கை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். எதில் தவறு வரும்?

பதில்: மூன்று இடங்களில். வலையின் வாயில் ஓட்டமானி கட்டாமல் போவது முதல் தவறு. எத்தனை கன மீட்டர் நீர் வடிந்தது என்று தெரியாமல் எண்ணிய துகளுக்கு மதிப்பில்லை. 0.33 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை என்றால் அதைவிட நுண்ணியதைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள். இரண்டாவது, சாதாரண உப்புக்கரைசலில் மிதக்கவிட்டுப் பிரிப்பது. அதன் அடர்த்தி 1.2 தான். பாலித்தீன், பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், பி.வி.சி.யும் 1.38 அடர்த்தியுள்ள பாலியஸ்டரும் அடியில் தங்கி உங்கள் கணக்கிலிருந்து தப்பிவிடும். அவற்றுக்கு துத்தநாகக் குளோரைடு கரைசல் வேண்டும். மூன்றாவது, உங்கள் சட்டையிலிருந்து உதிரும் இழை. பருத்தி மேலங்கி அணியுங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் வெறும் வடிநீரை அதே படிகளில் செலுத்தி, அதில் வரும் துகள்களைக் கழியுங்கள். கரிமப்பொருளை எரிக்க 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்க்கும்போது கரைசல் திடீரென்று பொங்கும். புகைபோக்கி அறையில், குளிர்ந்த வடிநீரைக் கையருகே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சுத்திகரிப்பு நிலையம் நுண்பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியை நீரிலிருந்து பிரித்துவிடுகிறது. அது போவது கசடுக்கு. கசடு போவது வயலுக்கு. மழை பெய்தால் மீண்டும் ஆற்றுக்கு. நிறைச் சமன்பாடு இங்கேயும் விடாது.

கேள்வி: எண்ணெய்க் கசிவை அகற்றும் வேலையில் சேரலாமா?

பதில்: சேரலாம், ஆனால் ஆண்டு முழுவதும் ஓடும் வேலை அல்ல. துறைமுகங்களிலும் கப்பல் துறையிலும் தடுப்பு வேலைதான் அதிகம். கப்பலின் எந்திர அறை நீரை மார்பால் (கப்பல் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி எண்ணெய் 15 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 15 பங்கு) தாண்டாமல் பிரித்து வெளியேற்றுவது ஓர் உதாரணம். கசிவு நேர்ந்தால் மிதவைத் தடுப்பை நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராகப் போடுவதுதான் வழக்கமான பிழை. நேராக மோதும் வேகம் சுமார் 0.7 நாட் (மணிக்கு 1.3 கிலோமீட்டர்) தாண்டினால் எண்ணெய் அடியில் நழுவிப் போய்விடும். 1.4 நாட் ஓட்டத்தில் தடுப்பை ஓட்டத்துக்கு 30 டிகிரிக்குள் சாய்த்துப் போட்டால் மோதும் வேகம் பாதியாகும், எண்ணெயும் கரையோர அமைதிநீருக்கு ஒதுங்கும்.

கேள்வி: கழிவுநீர்த் துறையில் உயிர் ஆபத்து உண்டா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: உண்டு, அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆள்நுழைகுழியும் மூடிய கிணறும் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும் இடங்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் எச்சரிக்கை என்று நினைப்பார்கள், 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்து, வாசனையே நின்றுவிடும். வாசனை போய்விட்டதே என்று இறங்கியவர்கள் பலர் மேலே வந்ததில்லை. அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்கள் பலரும் வந்ததில்லை. நான்கு வாயு மானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம். தொட்டாலோ, எரிவாயு வெடிப்பு வரம்பில் 10 சதவீதம் தொட்டாலோ யாரும் இறங்கக் கூடாது. முக்காலி, கப்பி, மேலே விலகாத காவலாள் இல்லாமல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், மேலதிகாரி நெருக்கினாலும். பொறியாளரின் கடமை அதற்கும் மேலே: உயரழுத்த நீர் எந்திரமும் கேமராவும் போகும்படி குழாயை வடிவமைத்தால் மனிதர் இறங்க வேண்டிய தேவையே வராது.

கேள்வி: அனுபவம் இல்லாத எனக்கு நேர்முகத் தேர்வில் காட்ட எதுவுமில்லை. என்ன செய்வது?

பதில்: கடலில் கலக்கும் ஒரு வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.5. 10 மீட்டர் தூரத்தை ஒரு மிதவை 50 விநாடியில் கடந்தால் மேல்மட்ட வேகம் 0.2, அதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி வேகம். ஓட்டம் விநாடிக்கு 0.34 கன மீட்டர், நாளைக்கு 29,400 அளவில். மொத்த நைட்ரஜன் 12 மி.கி./லி. வந்தால் நாளைக்கு 350 கிலோ. கடல் இறக்கத்தில் மட்டும் அளவெடுங்கள். ஏற்றத்தில் நீர் பின்னோக்கி ஓடும், கணக்கு குலைந்துவிடும். நெடுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழையில் முதல் அரை மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மாதிரி எடுங்கள். ஆண்டின் மோசமான நீர் அதுதான். கட்டணமில்லாமல் கிடைக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். (மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்), கியூ.ஜி.ஐ.எஸ். (வரைபட மென்பொருள்) இரண்டிலும் அந்த வாய்க்காலின் நீர்வரத்துப் பரப்பை வரைந்து, கிலோ எங்கிருந்து வருகிறது என்று பிரித்துக் காட்டுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பையும் எழுதுங்கள். தேர்வு செய்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.